தேயிலைத் தோட்டத்து வாரிசு: 'தி சிங்கலீ' வோக்கல் ஸ்கோர் வாங்குமுன்

லண்டன் சாப்பல் நிறுவனம் 1904இல் அச்சிட்ட 'தி சிங்கலீ' என்ற இசை நாடகத்தின் வோக்கல் ஸ்கோரை (பாடகர்களுக்கான இசைப் புத்தகத்தை) வாங்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் நாடகம் கிடையாது என்பதுதான். பாட்டுகள் உண்டு. கோரஸ் பகுதிகளும் இரண்டு அங்கங்களின் முடிவுக்காட்சி இசையும் உண்டு. எல்லாவற்றுக்கும் கீழே பியானோவுக்குச் சுருக்கிய வாத்தியப் பகுதி இருக்கும். பேச்சுவசனம் இல்லை. ஆள்மாறாட்டமும் சொத்துரிமையும்தான் இந்த நாடகத்தின் உயிர், அவை இரண்டும் வசனத்தில்தான் நடக்கின்றன. அதனால் பாட்டுகளை மட்டும் வரிசையாகப் பாடிக்கொண்டு போனால் யார் யார், எதற்காக இவ்வளவு பதற்றம் என்று ஒன்றும் விளங்காது.

இலங்கையைக் களமாக வைத்து லண்டனுக்காக எழுதிய இசை நாடகம் இது. லண்டன் டேலிஸ் தியேட்டரில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் தயாரிப்பில் 1904 மார்ச் 5 அன்று அரங்கேறி 365 காட்சிகள் ஓடியது. இசை லயனல் மாங்க்டன், கதை வசனம் ஜேம்ஸ் டேனர், பாட்டு வரிகள் ஏட்ரியன் ராஸும் பெர்சி கிரீன்பேங்கும். கூடுதல் பாட்டுகள் பால் ரூபன்ஸ். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்குக்குப் போனபோது 33 காட்சிகளுடன் நின்றுவிட்டது. லண்டனின் அதே டேலிஸ் அரங்கில் ஜப்பானை வைத்து 'தி கெய்ஷா' (1896), சீனாவை வைத்து 'சான் டாய்' (1899) என்று எட்வர்ட்ஸ் ஏற்கெனவே வெற்றி கண்டிருந்தார். அந்த வாய்பாட்டில் அடுத்த ஊர் இலங்கை. கதைக்கரு தன்னுடையது என்று ஃப்ரேசர் என்பவர் எட்வர்ட்ஸ் மீது வழக்குப் போட்டு வென்றதும் உண்டு.

கதையின் முடிச்சைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் ஸ்கோர் முழுவதும் திறந்துகொள்ளும். நானோயா என்ற பெண் நாலு வயதிலேயே கண்டிப் பிரபு பூபம்பாவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அந்தத் திருமணத்துக்கு அஞ்சிக் காணாமல் போகிறாள். அவளுக்குச் சேரவேண்டிய தேயிலைத் தோட்டத்தை வக்கீல் சம்புடி ராம், ஹாரி வெரெகர் என்ற ஆங்கிலேயனுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். அந்தத் தோட்டத்திலேயே, தான் யாரென்று சொல்லாமல், நானோயா கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தியாக வேலை செய்கிறாள். முதலாளி என்று எல்லோரும் நினைப்பவன் குத்தகைக்காரன், கூலிக்காரி என்று நினைக்கப்படுபவள் உரிமைக்காரி. இதோடு ஒரு கறுப்பு முத்தும் காணாமல் போகிறது. பெண்ணையும் முத்தையும் கண்டுபிடித்துக் கொடு என்று வக்கீலின் கழுத்தில் கத்தி. முதல் அங்கம் தோட்டத்தில், இரண்டாவது கண்டி ஏரிக்கரையில் பூபம்பாவின் மாளிகையில்.

ஆகவே மேடையில் கச்சேரியாகச் செய்வதென்றால் முதல் கோரஸுக்கு முன்பே கதைசொல்லி மூன்று செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்: தோட்டம் யாருடையது, குழந்தைப் பருவ நிச்சயம், முத்து. மூன்றாவதை விட்டுவிட்டால் இரண்டாம் அங்கத்தில் நகைச்சுவைப் பாத்திரங்கள் எதைத் தேடி ஓடுகிறார்கள் என்பதே புரியாது. முதல் அங்கத்தின் முடிவுக்காட்சிக்கு முன் நாலு வரி விளக்கம் மறுபடியும் தேவை, ஏனென்றால் அங்கே கோரஸும் தனிக்குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று வரும்போது சொற்கள் காதில் விழாது.

முழு வசனம் வேண்டுபவர்களுக்கும் வழி இருக்கிறது. அக்காலத்தில் லண்டனில் மேடையேறும் ஒவ்வொரு நாடகத்தின் பிரதியும் தணிக்கைக்காக லார்ட் சேம்பர்லேன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 1824 முதல் 1968 வரையிலான அந்தப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அது அனுமதிக்குக் கொடுத்த பிரதி என்பதால், காட்சிகள் ஓடிய பிறகு மாற்றியவை அதில் இருக்காது. எட்வர்ட்ஸின் அரங்குகளில் ஓட்டத்தின் நடுவே பாட்டுகளைச் சேர்ப்பதும் எடுப்பதும் வழக்கம். ஸ்கோரில் இருக்கும் பாட்டு பிரதியில் இல்லையென்றாலோ, இடம் மாறியிருந்தாலோ அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.

வாத்தியம் வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய. பியானோ பகுதியின் வலக்கை பெரும்பாலும் பாடகரின் மெட்டையே கூடவே வாசித்துக்கொண்டு போகும். வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்பவர்களுக்காக அப்படி எழுதுவார்கள். மேடையில் அதை அப்படியே வாசித்தால் பாடகரால் ஒரு சொல்லைக்கூட இழுத்தோ முந்தியோ சொல்ல முடியாது, நகைச்சுவைப் பாட்டு அங்கேயே செத்துவிடும். சரணங்களில் மெட்டை விட்டுவிட்டு இடக்கையின் அடித்தளமும் தாள இடைவெளியில் விழும் கார்டுகளும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களும்) மட்டும் போதும். ரிஃப்ரெயின் (பல்லவி மாதிரி திரும்ப வரும் பகுதி) வரும்போது மெட்டைச் சேர்க்கலாம். முடிவுக்காட்சிகளில் தந்தி வாத்தியங்களின் நடுக்கத்தைக் காட்ட எழுதிய ட்ரெமலோக்களை சாதாரண அப்ரைட் பியானோவில் எழுதியபடி வாசித்தால் ஒரே இரைச்சல். கார்டைப் பிடித்து நிறுத்தி, கார்டு மாறும்போதெல்லாம் பெடலை மாற்றினால் குரல்கள் மேலே தெளிவாக வரும்.

அடுத்த சிக்கல் ரிஃப்ரெயின். இந்த வகை நாடகங்களில் ரிஃப்ரெயினைத் தனிக்குரல் ஒருமுறை பாடும், கோரஸ் ஒருமுறை பாடும், பிறகு அதே இசைக்கு நடனம். நடனம் இல்லாத கச்சேரியில் மூன்றாவது சுற்றில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதை வெட்டிவிடலாம், இரண்டாவதைக் கோரஸ் மென்மையாகத் தொடங்கி உரக்க முடித்தால் போதும்.

குரல் தேர்வுக்கு மூல நடிகர்களைப் பார்ப்பது நல்ல வழி, ஏனென்றால் மாங்க்டன் ஆளைப் பார்த்து எழுதியவர். ஹாரியாக நடித்த ஹேடன் காஃபின் பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல். 'பெர்ல் ஆஃப் ஸ்வீட் சிலோன்' மாதிரி நீண்ட மூச்சு வேண்டிய காதல் பாட்டுகள் அவருக்கு. டெனர் (உயர்ந்த ஆண்குரல்) ஒருவரைப் போட்டு அதை மேலே ஏற்றினால் வெல்வெட் போன்ற நிறம் போய்விடும். பூபம்பாவாக வந்தவர் ரட்லண்ட் பேரிங்டன், 1885இல் டாய்லி கார்ட் குழு மேடையேற்றிய 'தி மிக்காடோ' என்ற நகைச்சுவை இசை நாடகத்தில் முதல் பூ-பா பாத்திரமாக நடித்தவர். குரலைவிடச் சொல் தெளிவும் கம்பீரமான அசட்டுத்தனமும் வேண்டிய பாத்திரம் இது. இன்னொரு டாய்லி கார்ட் பாடகி இசபெல் ஜே லேடி பட்ரீசியா என்ற பாத்திரமாக வந்தார். அந்தப் பகுதிக்குப் பயிற்சி பெற்ற சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) இல்லாமல் இறங்க வேண்டாம். நானோயாவின் 'மை சினமன் ட்ரீ' சிபில் அரண்டேல் பாடியது. நடிக்கத் தெரிந்த இளம் குரலுக்கு ஏற்ற பாட்டு. தனியாக எடுத்துப் பாட ஸ்கோரிலேயே இதுதான் என் முதல் தேர்வு.

இனி, தமிழ் வாசகர் கட்டாயம் கேட்கும் கேள்வி. மலையகத் தோட்டங்களில் அன்று கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள். இந்த நாடகத்தில் அவர்கள் இல்லவே இல்லை. தேயிலைப் பெண்கள் எல்லோரும் சிங்களப் பெண்கள், உழைப்பு என்பது ஒரு கோரஸ். முத்தும் கண்டியில் விளைவதல்ல. முத்துக்குளிப்பு மன்னார் வளைகுடாவில், தமிழரும் முஸ்லிம்களும் அரபிகளும் மூழ்கி எடுத்தது. நாடகம் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1903க்கும் 1907க்கும் இடையில், மரிச்சுக்கட்டிப் பக்கம் பெரிய குளிப்புகள் நடந்தன. பிரபுவின் முழுப்பெயர் பூபம்பா செட்டூர் பண்டார், வக்கீல் கல்கத்தா பாபுவின் உடைந்த ஆங்கிலம் பேசுபவன். கைக்குக் கிடைத்த பெயர்களையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். மூல மேடையில் இந்தப் பாத்திரங்களை வெள்ளைக்காரர்கள் முகத்தில் நிறம் பூசி நடித்தார்கள். அதை இன்று திரும்பச் செய்ய எந்த நியாயமும் இல்லை. நிறத்தை வைத்துக் கேலி செய்யும் பாட்டுகளையும் வக்கீலின் உடைந்த ஆங்கிலத்தையும் தயங்காமல் நீக்கலாம். நீக்கினாலும் சொத்துரிமைக் கதை குலையாது. கதைசொல்லி அந்த இடைவெளியில் உண்மையில் தோட்டத்தில் யார் இருந்தார்கள் என்று சொன்னால், மாங்க்டனின் மெட்டுகள் இன்னும் கவனத்தோடு கேட்கப்படும். மெட்டுகள் அவ்வளவு நல்லவை.

பழைய பிரதி வாங்கும்போது முன்பக்கத்தில் இருக்கும் பாட்டுப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றையும் உள்ளே சரிபாருங்கள். கழன்று போவது பெரும்பாலும் முதல் தொகுதித் தாளும் கடைசித் தொகுதித் தாளும். தொடக்கக் கோரஸும் கடைசி முடிவுக்காட்சியும் அங்கேதான் இருக்கின்றன. அக்காலத்து மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம், ஓரங்கள் பழுத்துத் தொட்டால் உதிரும். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். பாதி விரித்து மேலிருந்து கேமராவில் படமெடுத்து, அந்தப் படத்தை வைத்து ஒத்திகை செய்யுங்கள். பென்சில் குறிகள் இருக்கும் பிரதி கிடைத்தால் விலை குறைவென்று ஒதுக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போர் வரை பிரிட்டனில் அமெச்சூர் குழுக்கள் இதை ஆடிவந்தன. அவர்கள் வெட்டிய இடங்களும் மூச்சுக் குறிகளும் ஒத்திகையில் வாரக்கணக்கை மிச்சப்படுத்தும்.

உரிமை விஷயத்தில் கவனம். மாங்க்டன் 1924இலும், டேனர் 1915இலும், ரூபன்ஸ் 1917இலும், ராஸ் 1933இலும் இறந்தவர்கள். கிரீன்பேங்க் 1968 வரை வாழ்ந்தார். பிரிட்டனில் இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்பதால் அவருடைய வரிகள் 2038 முடியும்வரை பாதுகாப்பில் உள்ளன. சேர்த்துப் பாடவென்றே எழுதிய வரியையும் இசையையும் 2013 முதல் ஒரே கணக்கில் வைப்பதால் அந்தப் பாட்டுகளின் இசையும் அப்படியே. இலங்கையிலும் அவருடைய வரிகளுக்கு 70 ஆண்டுக் கணக்குதான். இந்தியாவில் 60 ஆண்டு, ஆக 2028 முடிய வேண்டும். அமெரிக்காவில் 1904 வெளியீட்டுக்குத் தடையில்லை. ஸ்கோரில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வரி எழுதியவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். ராஸ் மட்டும் எழுதிய பாட்டுகளைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு உருப்படியில் ஐம்பது நிமிட நிகழ்ச்சி அமைத்தால், சென்னையிலோ கொழும்பிலோ யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடலாம். இருவரும் சேர்ந்து எழுதியதாகக் குறித்திருந்தால் அதை கிரீன்பேங்க் கணக்கில் வையுங்கள்.