பவர் லிமிட்டைக் குறைக்கிறதோ, புது பவர் சப்ளை வாங்கிறதோ?

ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கிற ஆக்கள் கேக்கிறது இதுதான், கிடக்கிற 550 வாட்ஸ் சப்ளை காணுமோ? கார்டு இழுக்கிறது 220 வாட்ஸ், அதைச் செய்யிற என்விடியா முழு கம்ப்யூட்டருக்கும் கேக்கிறது 650 வாட்ஸ் சப்ளை.

காசு செலவில்லாத வழி பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கிற வாட்ஸுக்கு ஒரு உச்ச வரம்பு வைக்கிறது. ஆஃப்டர்பர்னர் எண்ட சாஃப்ட்வேரில பவர் லிமிட் ஸ்லைடரை 75% க்கு இறக்கினால் கார்டு 165 வாட்ஸுக்குள்ள நிக்கும், எஃப்பிஎஸ் (கேமில ஒரு செகண்டுக்கு வாற ஃபிரேம்) அந்தளவுக்கு விழாது, ஏனெண்டால் கடைசிக் கொஞ்ச மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குத்தான் வோல்டேஜ் ஏறி கரண்டைத் தின்னுது. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில ஏசி இல்லாத அறைக்கு இது பெரிய ஆறுதல், கரண்ட் நிண்டாலும் சின்ன யூபிஎஸ்ஸில சேவ் பண்ணி நிப்பாட்ட நேரம் கிடைக்கும்.

ஆனா லிமிட் பிடிக்கிறது சராசரியைத்தான், மில்லிசெகண்டில திடீரெண்டு கூடப் பாயிற கரண்டை (ஸ்பைக்கை) முழுசா மறிக்காது. அதைத் தாங்கிறது சப்ளைதான். உங்கட சப்ளையின்ர ஸ்டிக்கரைப் பாருங்கோ: கார்டுக்குக் கரண்ட் குடுக்கிற 12 வோல்ட் பக்கம் 30 ஆம்ப்ஸ் எண்டு இருந்தால் 12ஐ 30ஆல பெருக்க 360 வாட்ஸ்தான், மேல 550 எண்டு எவ்வளவு பெரிசா அடிச்சிருந்தாலும் சரி. அப்பிடியெண்டால் லிமிட்டை நம்பி இருக்காதேங்கோ, மாத்துங்கோ.

பெரிய சப்ளை போட்டால் பில் ஏறும் எண்டு பயப்பிடத் தேவையில்ல, கம்ப்யூட்டர் கேக்கிறதைத்தான் அது எடுக்கும். 80 பிளஸ் கோல்ட் எண்ட திறன் சான்று இருந்தால் வீணாப்போற கரண்ட் இன்னும் குறைவு.

நல்ல 550 எண்டால் நான் லிமிட் பக்கம்தான்.