லெபு பசார் பக்கத்துப் பழங்காசுக் கடை: கழுவினதைக் கழுவினது என்றே சொல்கிறார்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபு பசாரை ஒட்டிய சந்தில் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்கு இதுவரை நாலு தடவை போய்விட்டேன். முதல் தடவை வயிற்றெரிச்சலோடுதான் போனேன். வேறொரு இடத்தில் 1903-ஆம் வருஷத்து எட்வர்ட் டாலர் (பிரிட்டிஷ் காலத்தில் இங்கே புழங்கிய, எட்வர்ட் ராஜா முகம் போட்ட வெள்ளிக் காசு) ஒன்றை "புழங்காத காசு" என்று விற்றார்கள், பளபளவென்று இருந்தது, நம்பி வாங்கிவிட்டேன்.

இந்தக் கடை அங்கிள் முதலில் அதைத் தராசில் வைத்தார். 26.9 கிராம், இருக்க வேண்டிய எடைதான். "அசல்தான் தம்பி" என்றார். அப்புறம் லென்ஸை என் கையில் கொடுத்து, விளக்கடியில் காசை மெல்லச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். புழங்காத காசில் வெளிச்சம் சக்கரம் மாதிரி சுற்றி வருமாம். இதில் எங்கே சாய்த்தாலும் ஒரே செத்த வெள்ளை, ராஜா முகத்தைச் சுற்றி ஒரே பக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள், மகுடமும் காதோர முடியும் தேய்ந்து மழுங்கியிருந்தன. புழங்கின காசைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதே அதற்குப் பிறகுதான். விற்கிற ஒவ்வொரு காசின் அட்டையிலும் எடையோடு குறையையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்: 'கழுவியது', 'விளிம்பில் அடி', காசுமாலைக்குப் போன ரூபாய்களில் 'வளையம் பற்றவைத்தது'. 1907 டாலர் இலேசாக இருந்ததால் போலியோ என்று கேட்டேன். வெள்ளி விலை ஏறியதால் அந்த வருஷம் எடையை 20.21 கிராமாகக் குறைத்துவிட்டார்கள் என்று 1903 டாலரையும் அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார், 1907 காசின் அளவே சின்னது. கடைசியில் 1911 பம்பாய் வணிக டாலர் (கிழக்கு நாடுகளின் வியாபாரத்துக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் அடித்த வெள்ளிக் காசு) ஒன்று வாங்கினேன், அதில் நிற்கிற பிரிட்டானியா என்ற பெண் உருவத்தின் திரிசூல நடுமுனையில், பம்பாயில் அடித்ததைக் காட்டும் குட்டி B எழுத்து சுத்தமாகத் தெரிகிறது. 20 ரிங்கிட் குறைத்தும் கொடுத்தார்.

குறை என்றால், மலிவான காசுகளை இன்னும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில்தான் வைத்திருக்கிறார், நாளாவட்டத்தில் அது பச்சையாகப் பிசுபிசுத்துக் காசை அரித்துவிடும், வாங்கினால் உடனே உறையை மாற்றிவிடுங்கள். கார்டு வாங்க மாட்டார். சனிக்கிழமை நிற்கவே இடமில்லை.

வீட்டுக் காசைக் காட்டப் போகிறவர்கள் தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பாட்டி வைத்திருந்த 1920 ஐம்பது காசைக் கறுப்போடு அப்படியே கொண்டுபோனேன், அதைத்தான் அவர் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.