வெப்ஹூக் போகிறது, ஒர்க்ஃப்ளோ எழவில்லை: எந்தப் பக்கம் முதலில் தேடுவது?

மதுரை தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிக் கடை. இணையத்தில் ஆர்டர் விழுந்ததும் வெப்ஹூக் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குத் தானாக அனுப்பும் அழைப்பு) கிளம்பி, எங்கள் சர்வரில் இருக்கும் என்8என் (வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) ஒர்க்ஃப்ளோவை, அதாவது படிப்படியான வேலைத் தொடரை, தட்ட வேண்டும். அது பில் போட்டு குடோனுக்குச் சீட்டு அனுப்பும். சித்திரைத் திருவிழா நெருங்கிய ஒரு காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். “தம்பி, பணம் ஏறிருச்சு, பில்லைக் காணோமே?”

தேடத் தொடங்க மூன்று இடங்கள் உண்டு. வாங்குகிற பக்கத்து ஒர்க்ஃப்ளோ, அனுப்புகிற பக்கத்து டெலிவரி பதிவு, அல்லது நாமே கையால் அழைப்பு அனுப்ப உதவும் கர்ல், போஸ்ட்மேன் கருவிகள் வழியாக ஒரு போலி ஆர்டர் அனுப்பிப் பார்ப்பது.

நம் கைக்கு எட்டுவது ஒர்க்ஃப்ளோ என்பதால் முதலில் அதைத்தான் நோண்டுவோம். எக்ஸிகியூஷன் (ஓட்டங்கள்) பட்டியலில் அந்த ஆர்டர் சிவப்பாக நின்றால் வேலை சுலபம், எந்த நோடில் (படியில்) விழுந்தது என்று அதுவே காட்டிவிடும். பட்டியலிலேயே இல்லை என்றால் இந்தப் பக்கம் ஊமைதான். அதிலும் வெற்றிகரமான ஓட்டங்களைச் சேமிக்க வேண்டாம் என்று அமைத்திருந்தால், பட்டியலில் இல்லாததை வைத்து அழைப்பு வரவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஒன்றை மட்டும் இங்கேயே பார்த்துவிடலாம்: என்8என் இரண்டு முகவரி தருகிறது. டெஸ்ட் முகவரி நாம் காத்திருக்கும் நேரத்தில் மட்டும் கேட்கும். ப்ரொடக்‌ஷன் முகவரி ஒர்க்ஃப்ளோவை ஆக்டிவ் ஆக்கினால்தான் (புதிய பதிப்புகளில் பப்ளிஷ் செய்தால்தான்) கேட்கும். இதில் வழுக்காதவர் குறைவு.

கர்ல் வேகமானது, ஆனால் ஏமாற்றும். நாம் அனுப்புவது நமக்குத் தெரிந்த சரியான முகவரிக்கு, நம் நெட்வொர்க்கிலிருந்து, நாமே எழுதிய ஜேசானோடு (ஆர்டர் விவரத்தைச் சுமக்கும் உரை வடிவம்). நிஜ அழைப்பில் பெரும்பாலும் எச்மேக் கையெழுத்து (அனுப்பியவரை ரகசியச் சாவியால் உறுதிசெய்யும் குறி) இருக்கும். அதை வந்தபடியே உள்ள பாடியை (அழைப்பின் உள்ளடக்கத்தை) வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருமுறை பிரித்து மறுபடி ஜேசானாக்கினால் ஓர் இடைவெளி மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. நாம் அனுப்பும் போலி ஆர்டரில் இந்தப் பிரச்சினை தலைகாட்டவே காட்டாது.

என் ஓட்டு அனுப்புகிற பக்கத்துக்கே. அழைப்பு கிளம்பியதா, என்ன பதில் கிடைத்தது என்ற இரண்டும் அங்கேதான் சேர்ந்து கிடக்கும். முயற்சியே பதிவாகவில்லை என்றால் அந்த நிகழ்வுக்கு வெப்ஹூக் போட மறந்திருப்போம். பதில் எண் 401 (அனுமதி இல்லை) என்றால் சாவியைப் பாருங்கள். 404 (அங்கே எதுவும் இல்லை) என்றால் முகவரி, அல்லது தூங்கும் ஒர்க்ஃப்ளோ. டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு) பிழை என்றால் நம் சர்வர் காட்ட வேண்டிய இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கலாம். பிரவுசர் பெரும்பாலும் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும் என்பதால் நமக்குத் திறக்கும், அனுப்புகிற சர்வருக்குத் திறக்காது. டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருந்த நேரம் தீர்ந்தது) என்றால் உஷார்: வேலை உள்ளே முடிந்திருக்கலாம், மறுமுயற்சி வந்து இரண்டாவது பில் போட்டுவிடும். ஆர்டர் எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே வந்ததை மறுப்பது கட்டாயம். மறுமுயற்சியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 10 விநாடி காத்திருக்கும், தோற்றால் தானாக மறுபடி அனுப்பாது. பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப் 3 நாள் வரை முயலும். அப்புறம் நேரம்: பதிவு யுடிசியில் (நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) இருந்தால் காலை 9:30 ஆர்டரை 4:00 மணியில் தேடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஒர்க்ஃப்ளோவில் ஒரு தடயமும் இல்லை. கர்ல் அழகாக வேலை செய்தது, அதனாலேயே மூன்று மணி நேரம் போனது. கடைசியாக டெலிவரி பதிவைத் திறந்தால் எல்லா வரியிலும் 301, அதாவது ‘முகவரி மாறிவிட்டது, அங்கே போ’ என்ற பதில். இரண்டு நாள் முன்பு சர்வரைப் புது டொமைனுக்கு மாற்றி, பழைய முகவரியிலிருந்து ரீடைரக்ட் போட்டிருந்தேன், கைங்கரியம் என்னுடையதுதான். 301 கிடைத்தால் அனுப்புகிறவர் அங்கேயே நின்றுவிடலாம், அல்லது போஸ்டை (தரவு அனுப்பும் முறை) கெட்டாக (தரவு கேட்கும் முறை) மாற்றிப் பாடியை உதிர்த்துவிட்டுப் போகலாம். முறை மாறாமல் போக 307, 308 இருக்கின்றன. ஆனால் பின்தொடராதவரிடம் அவையும் செல்லாது. அனுப்புகிற பக்கத்தில் முகவரியையே மாற்றுவதுதான் சரி.

மாற்றினேன். தவறிய ஆர்டர்களைப் பதிவிலிருந்தே மறுபடி அனுப்பினோம். அதற்குள் இரண்டுக்குக் கடைக்காரர் கையால் பில் எழுதிவிட்டார், அவற்றை மட்டும் தள்ளிவைத்தோம்.