அசுவினிக்கு ரோஸ்மேரி, பெப்பர்மிண்ட் ஸ்ப்ரே: காசுக்குத் தகுமா?

செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கென்று நர்சரிகளில் விற்கும் ரோஸ்மேரி, பெப்பர்மிண்ட் எண்ணெய் ஸ்ப்ரே இரண்டு வடிவத்தில் வருகிறது: அப்படியே அடிக்கும் புட்டி, தண்ணீரில் கலக்கும் கான்சன்ட்ரேட். வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நாலைந்து மிளகாய்த் தொட்டி வைத்திருப்பவருக்கு முதல் வகை போதும். சமூகத் தோட்டத்தில் பயத்தங்காய்ப் பந்தல் போட்டவர் அதை வாங்கினால் ஒரே மாலையில் புட்டி காலி. அவருக்குக் கான்சன்ட்ரேட்தான் கட்டுப்படியாகும். எதுவானாலும், லேபிளில் எண்ணெய்களின் சதவீதம் போடாத சரக்கைத் தொடவேண்டாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. பட்ட இடத்தில் மட்டும். இந்த எண்ணெய்கள் செடிக்குள் ஏறிப் பரவுபவை அல்ல. பூச்சியின் மேல் நேரடியாகப் பட்டு, அதன் நரம்பு மண்டலத்தைக் குலைத்துக் கொல்லும், பிறகு ஆவியாகிவிடும். அசுவினியோ ஆண் துணை இல்லாமலேயே குட்டி போடும். நம்மூர் வெப்பத்தில் இன்று பிறந்தது ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பத்துப் பதினைந்து தப்பினாலே போதும், பயத்தங்காய்க் கொழுந்து மறுபடி கருப்பாக மொய்த்துப் போகும். 'ஒரு தடவை அடித்தேன், பிரயோஜனமில்லை' என்று விமர்சனத்தில் நட்சத்திரத்தைக் குறைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. நாலைந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்கவேண்டும்.

ஆகவே எண்ணெயைவிட முக்கியம் நாசில், அதாவது பீய்ச்சும் முனை. புட்டியோடு வரும் ட்ரிகர் நேராகத்தான் பீய்ச்சும். அசுவினி உட்கார்ந்திருப்பது இலையின் அடியில், சுருண்ட கொழுந்துக்குள். நாசிலை மேல்நோக்கித் திருப்பக்கூடிய சின்ன பம்ப் ஸ்ப்ரேயர் தனியாக வாங்குவது நல்லது. சுருண்ட நுனிகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரைப் பீய்ச்சி முடிந்தவரை உதிர்த்து, இலை காய்ந்தபின் கீழிருந்து மேலாகச் சொட்டச் சொட்ட அடியுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான். பகலில் அடித்தால் இலை விளிம்பு கருகும். தேனீ வரும் நேரமும் அதுதான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சொந்தமாகக் கலப்பவர்கள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், 5 மில்லி பொட்டாசியம் சோப்புத் திரவம் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெயையும் சோப்பையும் முதலில் குலுக்கிச் சேர்த்து, அதன்பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். கரைசல் பால்போல் வெளுக்கும். மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் சேரவில்லை என்று பொருள். அதை அடித்தால் ஓரிடத்தில் தண்ணீரும் இன்னோரிடத்தில் சுத்த எண்ணெயுமாக விழுந்து இலையைப் பொசுக்கிவிடும். அடிக்கும்போதும் நடுநடுவே குலுக்குங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் சோப்புக்கு மாற்று ஆகாது, இலையின் மெழுகைக் கரைத்துவிடும்.

கிராம்புத் தைலத்துக்கு அசுவினி நன்றாகவே சாகும். ஆனால் களைக்கொல்லிகளிலும் அதைச் சேர்க்கிறார்கள் என்பதை மறக்கவேண்டாம்: பாதி அளவில் தொடங்கி, இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பார்த்த பிறகே செடி முழுவதற்கும். கோடாலித் தைலத்தில் மெந்தாலும் கற்பூரமும் இருக்கிறதே என்று அதை ஊற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. அது தலைவலிக்கு.

சில விஷயங்களை எந்தப் புட்டியும் தீர்க்காது. எறும்பு ஏறும் செடியில் அசுவினி திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் தேன்போன்ற கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. முதலில் எறும்பின் பாதையை அடைக்கவேண்டும். மிளகாய் இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக வைரஸ் விழுந்துவிட்டால் ஸ்ப்ரே வீண், செடியைப் பிடுங்கிவிடுங்கள். உப்பி, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினி தெரிந்தால் அந்த இலையில் அடிக்காதீர்கள். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது, மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் பூனையோ மீன்தொட்டியோ இருந்தால் கதவை மூடிவிட்டு அடியுங்கள், இரண்டுக்குமே இந்த எண்ணெய்கள் ஆகாது. ஆரஞ்சு எண்ணெய் கலந்த வகை என்றால் ஸ்ப்ரேயரின் ரப்பர் வாஷரையும் உப்பவைக்கும். அடித்து முடித்த கையோடு சோப்புத் தண்ணீர் விட்டு நாசில் வழியாகவே அடித்துக் கழுவிவிடுங்கள்.