எஸ்டி-லிங்க் வி2 டூப்ளிகேட் ஸ்டிக்: மூடியில எழுதியிருக்கறத நம்பி மாட்டிடாதீங்க

ப்ளூ பில் போர்டு (எஸ்டிஎம்32 சிப்பு வச்ச சின்ன நீல போர்டு) வாங்கி ரெண்டு மாசமா சீரியல்ல பிரிண்ட் போட்டு போட்டுத்தான் ஓட்டிட்டு இருந்தேன், ஒவ்வொரு தடவையும் பூட் ஜம்பர மாத்தி ரீசெட் அடிச்சு அப்லோட் பண்றதுக்குள்ள வெறுத்துப்போச்சு, சரி டீபக்கர் (ஓடற கோட நடுவுல நிறுத்தி உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கற கருவி) ஒண்ணு வாங்கிடுவோம்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில இந்த எஸ்டி-லிங்க் அலுமினிய ஸ்டிக்க 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரிஜினல் இல்லன்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்.

வயர் நாலே நாலு. 3.3 வோல்ட், கிரவுண்ட், எஸ்டபிள்யூடிஐஓ (டேட்டா), எஸ்டபிள்யூசிஎல்கே (கிளாக்). போர்டு ஓரத்துல நாலு பின் தனியா நீட்டிட்டு இருக்கும்ல, அதுலதான் மாட்டணும். ஸ்டிக் மூடியில பத்து பின்னுக்கும் பேர் அச்சடிச்சிருந்துச்சு, அத பாத்து மாட்டினேன், டார்கெட் (அதாவது என் போர்டு) கிடைக்கலன்னே வருது. ஜம்பர் வயர மாத்தினேன், யுஎஸ்பி போர்ட்ட மாத்தினேன், டிரைவர தூக்கிட்டு திரும்ப போட்டேன், மணி பன்னெண்டு தாண்டிருச்சு. கடுப்புல மூடிய உருவிப் பாத்தா உள்ள போர்டுல பொடி எழுத்துல வேற வரிசை போட்டிருக்கான்! டேட்டாவும் கிளாக்கும் இடம் மாறிக் கெடக்கு. அது ரெண்டும் மாறினதால ஒண்ணும் ஆகல, 5 வோல்ட்டும் 3.3-ம் மாறியிருந்தா சிப்பு அன்னிக்கே காலி.

சரியா மாட்டினதுக்கு அப்புறம் சும்மா சொல்லக்கூடாது, ஜம்முனு ஓடுது. ஒரு வாரமா மெயின் லூப் ஏன் நகர மாட்டேங்குதுன்னு மண்டைய ஒடச்சிட்டு இருந்தேன், டைமர் இன்டரப்ட்ல ஒரு பிரேக்பாயின்ட் (கோட் அங்க வந்ததும் நிக்கற மாதிரி ஒரு குறி) வச்சேன், கன்டினியூ அடிச்சா உடனே திரும்ப அங்கயே வந்து நிக்குது, பாத்தா இன்டரப்ட் வந்துச்சுன்னு காட்டற ஃபிளாக்க கிளியர் பண்ற லைனையே நான் எழுதல. அஞ்சு நிமிஷ வேலை. இந்த சிப்புல ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் 6 தான், ஆனா எனக்கு ரெண்டுக்கு மேல தேவைப்பட்டதே இல்ல.

குறைன்னா ரீசெட் பின். பேருக்கு இருக்கு, ஆனா என்கிட்ட இருக்கற ஸ்டிக்ல எஸ்டிஎம்32-க்கு அது வேலையே செய்யல. இது எப்ப வலிக்கும்னா, கியூப்எம்எக்ஸ்ல (சிப்போட பின் செட்டிங் போடற எஸ்டி கம்பெனி சாஃப்ட்வேர்) டீபக்க 'சீரியல் வயர்'னு மாத்த மறந்துட்டு கோட ஏத்திட்டீங்கன்னா அந்த டேட்டா, கிளாக் வயர் போற பிஏ13, பிஏ14 பின் ரெண்டுலயும் டீபக் கட் ஆயிடும், அடுத்த தடவை கனெக்ட் ஆகாது, போர்டு செத்துப்போச்சுன்னு பயந்துடாதீங்க (நான் பயந்தேன்), பூட்0 ஜம்பர 1-ல வச்சு ரீசெட் அடிச்சுட்டு கனெக்ட் பண்ணி மொத்தமா அழிச்சா திரும்பி வந்துடும். எஸ்டபிள்யூஓ பின்னும் (சிப்பு ஓடறப்பவே தகவல் வெளிய அனுப்பற பின்) வெளிய எடுத்து விடல, அதனால டிரேஸ் எல்லாம் பாக்க முடியாது. அப்புறம் ஸ்டிக்ல இருந்து 3.3 குடுக்கறப்ப போர்டோட யுஎஸ்பிய சொருகாதீங்க.

வீட்ல கத்துக்கறதுக்கு தாராளமா வாங்கலாம். ஆபீஸ் வேலைக்குன்னா ஒரிஜினலே வாங்கிடுங்க, இந்த ஸ்டிக் 3.3 குடுக்கற மாதிரி அதுல வோல்டேஜ் பின் பவர் குடுக்காது, உங்க போர்டு வோல்டேஜ பாக்கறதுக்குத்தான் இருக்கு, அத தெரியாம நிறைய பேர் முழிப்பாங்க. இல்லன்னா எஸ்டி கம்பெனியோட நியூக்ளியோ போர்டு எடுத்தா டீபக்கர் அதுலயே வந்துடும், வயர் தொல்லையே கெடையாது.

என் ஸ்டிக்ல இப்ப மூடி கெடையாது, டிரான்ஸ்பரன்ட் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பின் பேர மார்க்கர்ல நானே எழுதி வச்சிருக்கேன்.