வில்சன் 'த ட்யூக்': கல்லூரிப் பந்துக்குப் பழகிய கைக்கு ஒத்துவருமா?

1941 முதல் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் வில்சன் நிறுவனத்தின் பந்துதான். இங்கே பார்ப்பது அதன் 'த ட்யூக்' பந்தை. ஒஹாயோ மாநிலத்து ஏடா என்ற சிற்றூரில் தைக்கிறார்கள். மாட்டுத்தோல் சிகாகோவின் ஹார்வீன் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது. விலை நூறு டாலருக்கு மேல். இவ்வளவு கொடுத்தும், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எறிந்தால் ஏமாற்றம்தான். புதுத் தோல் வழுக்கும், விறைப்பாக இருக்கும். பழக்கிய பிறகுதான் இந்தப் பந்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

'தொழில்முறைப் பந்து பெரியது' என்று பரவலாகச் சொல்வது பாதி உண்மை. தொழில்முறைப் பந்து, கல்லூரிப் பந்து இரண்டுக்கும் எடை 14 முதல் 15 அவுன்ஸ். காற்றழுத்தமும் ஒன்றே, 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐ. வித்தியாசம் இடுப்புச் சுற்றளவில்: என்.எஃப்.எல். விதி 21 முதல் 21¼ அங்குலம். கல்லூரி விதி 20¾ முதல் 21¼. மேல் எல்லை மாறவில்லை, கீழ் எல்லைதான் கால் அங்குலம் இறங்குகிறது. கல்லூரி அணி தன் தாக்குதலுக்கு (பந்து தன் வசம் இருக்கும் நேரத்துக்கு) தானே பந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒல்லியான பந்தோடு நான்கைந்து ஆண்டுகள் ஓட்டிவிட முடியும். அப்படி வந்தவருக்கு இந்தக் கால் அங்குலம் முதல் நாளே தெரியும்.

கல்லூரிப் பந்தில் லேஸை (பந்தின் மேல் பின்னியிருக்கும் கயிற்றை) ஒட்டிய இரு தோல் பட்டைகளில் வெள்ளைக் கோடுகள் உண்டு. வில்சனின் ஜிஎஸ்டி மாடலில் (சரக்கு வரி அல்ல, பந்துதான்) அந்தக் கோடுகள் தனியாக வைத்துத் தைத்தவை. விரலுக்குக் கூடுதல் பிடி. ட்யூக்கில் கோடு கிடையாது. சுழற்சி ஒழுங்காக இருக்கிறதா என்று கண்ணால் பிடிப்பதும் இதில் கடினம்.

பந்தை எறியும் குவாட்டர்பேக்குக்குப் பெரிய கை வேண்டுமா என்ற விவாதத்துக்குக் கென்னி பிக்கெட்டைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக 2021-இல் 42 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளியாக முடிந்த எறிதல்). மறு ஆண்டு இண்டியானாபோலிஸ் தேர்வு முகாமில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 8½ அங்குலம். இரு கையிலும் கையுறை போட்டு ஆடுபவர். பிட்ஸ்பர்க்கின் என்.எஃப்.எல். அணியான ஸ்டீலர்ஸ், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் அவரை 20-ஆவது தேர்வாக எடுத்தது. பல்கலைக்கழக அணியும் ஸ்டீலர்ஸும் ஒரே மைதானத்தில் ஆடுபவை, ஆக மைதானம் பழையது, பந்துதான் புதியது. இரண்டு பருவங்களில் 13 டச்டவுன், 13 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட எறிதல்). 2024-இல் ஈகிள்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை வைத்துச் சின்னக் கை உருப்படாது என்று சொன்னால், இன்னொரு குவாட்டர்பேக் ஜோ பர்ரோ குறுக்கே நிற்கிறார். அவர் கை 9 அங்குலம், அதுவும் சிறிது என்றே பேசப்பட்டது. 2019-இல் எல்.எஸ்.யூ.வுக்காக (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) 60 டச்டவுன் வீசியவர், பெங்கால்ஸ் அணிக்குப் போய் 2024-இல் 43 வீசினார். என் கணக்கில் கை அளவைவிடப் பிடிக்கும் இடம் முக்கியம். சின்னக் கைக்காரர் லேஸின் நடுவைப் பிடிக்காமல் பின்முனைப் பக்கம் இறங்கிப் பிடிக்க வேண்டும். அங்கே சுற்றளவு குறைவு. மோதிர விரலும் சுண்டுவிரலும் லேஸ்மேல், ஆள்காட்டி விரல் தையலுக்குப் பக்கத்தில். உள்ளங்கை பந்தைத் தொட்டால் பந்து தள்ளாடிக்கொண்டுதான் போகும்.

இனி பழக்கும் வேலை. முதலில் உலர்ந்த குதிரைமயிர் பிரஷால் நன்றாகத் தேய்த்து மேல்பூச்சை எடுக்க வேண்டும். பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. சொட்டச் சொட்ட வேண்டாம். பந்துக்கென்று விற்கும் கண்டிஷனரைப் பட்டாணி அளவு எடுத்து, ஒவ்வொரு பட்டையாக விரலால் தேய்த்துவிட்டு, ஊறியதும் மறுபடி பிரஷ். தோல் ஒரு படி கறுத்து, அழுத்தினால் லேசாகப் பிசுபிசுக்கும்வரை இதையே நாள்விட்டு நாள் செய்யலாம். ஒரே மூச்சில் அப்பினால் கண்டிஷனரின் மெழுகு சொரசொரப்பின் பள்ளங்களை அடைத்துவிடும். பந்து முன்பைவிட மோசமாக வழுக்கும். மணல்காகிதம் போட்டால் சொரசொரப்பே போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஹேர்டிரையர் தோலை வறளவைத்துத் தையலோரம் வெடிக்கவிடும். லேஸில் கண்டிஷனர் படக்கூடாது.

என்.எஃப்.எல். அணிகளில் இதைச் செய்யத் தனி ஆட்கள் உண்டு. குவாட்டர்பேக்குகள் டாம் பிரேடியும் பெய்டன் மானிங்கும் முன்னின்று வற்புறுத்தியதால் 2006-இல் விதி மாறியது. அதன்பின் வெளியூர் அணியும் தன் தாக்குதலுக்குத் தானே பழக்கிய பந்தைக் கொண்டுவரலாம். ஒரு குவாட்டர்பேக் கையில் எடுப்பது அவருடைய ருசிக்கு ஏற்றபடி தயாரான பந்து. கடையில் வாங்கிய ட்யூக்கை அதோடு ஒப்பிட்டு 'டூப்ளிகேட்' என்று மதிப்புரை எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காற்று விஷயத்தில் ஊசியைக் கிளிசரினிலோ தண்ணீரிலோ நனைத்தே செருக வேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும், அல்லது உள்ளே தள்ளிவிடும். ஒவ்வொரு முறை அழுத்தமானி வைக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், ஆகவே சும்மா சும்மா அளக்க வேண்டாம். 22 டிகிரி அறையில் 12.5 பிஎஸ்ஐ வைத்த பந்து, 10 டிகிரி குளிரில் ஆறினால் கணக்குப்படி 11.4-க்கு இறங்கும். 2015 ஜனவரியில் பிரேடி ஆடிய பேட்ரியட்ஸ் அணியின் பந்துகளில் காற்றை இறக்கினார்கள் என்று வெடித்த சர்ச்சையில் விஞ்ஞானிகள் மல்லுக்கட்டியது இந்தக் கணக்கை வைத்துத்தான். பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை விழுந்தது. குளிரில் ஆடுவதானால் 13.5-ஐ ஒட்டி நிரப்புவது நல்லது.

குறை என்றால் மழை. தோல் நீரைக் குடித்துக் கனக்கும். ஒரு ஆட்டம் நனைந்தால் நிழலில் உலர்த்தி மறுபடி பிரஷ் போட்டே ஆக வேண்டும். சிமென்ட் தரையில் ஆடுபவர்கள் இதை வாங்கவே வேண்டாம், சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். அவர்களுக்குக் கம்பாசிட் (செயற்கைத் தோல்) பந்து போதும்.

இணையத்தில் வாங்கும்போது 'த ட்யூக் ரெப்ளிகா' என்று இருந்தால் அது கம்பாசிட், தோல் அல்ல. படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பையனுக்கு வாங்குவதானால் ட்யூக்கை விட்டுவிட்டு, 12 முதல் 14 வயதுக்கு டிடிஒய், 9 முதல் 12-க்கு டிடிஜே அளவு பாருங்கள்.