பால்குடி மறந்த கிடாரியை யாருக்குக் கொடுப்பது: வாடிக்கைக்காரர், சந்தை, வாசல் வியாபாரி

கொங்குப் பக்கம் ஏழெட்டுக் கலப்பினக் கறவை கட்டியிருக்கும் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கிடாரிக் கன்றாவது மிஞ்சும். பாலினம் பிரித்த சினை ஊசி (பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த விந்து) போட்டிருந்தால் பிறப்பதில் பத்துக்கு ஒன்பது கிடாரிதான், இன்னும் கூடவே மிஞ்சும். எல்லாவற்றையும் வளர்க்கத் தீவனம் கட்டுப்படியாகாது. ஈரோடு, பொள்ளாச்சிச் சந்தைக்கு ஏற்றலாம், வாசலுக்கு வரும் வியாபாரியிடம் தள்ளலாம், ஆண்டுதோறும் வந்து வாங்கும் ஒரே ஆளுக்குக் கொடுக்கலாம். வாடிக்கைக்காரர் என்றால் விலை கூடக் கிடைக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல முறை அப்படிக் கிடைப்பதில்லை. அவரிடம் கிடைக்கும் லாபம் தேதியிலும், ஒன்றும் கழிபடாமல் எல்லாம் போவதிலும் இருக்கிறது. அதுவும் பேச்சை முன்கூட்டியே முடித்தவர்களுக்குத்தான்.

முதலில் அடக்கவிலை

25 கிலோவில் பிறந்த கன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் என்றால் நாளுக்கு இரண்டரை லிட்டர். இரண்டு மாதம் அப்படியே கொடுத்து, மூன்றாவது மாதம் பாதியாகக் குறைத்து நிறுத்தினால் மொத்தம் 187 லிட்டர் சொச்சம். சீம்பால் நாட்களைக் கழித்தால் 175 லிட்டர். ஆவின் 2023 டிசம்பரில் நிர்ணயித்த கொள்முதல் விலையான 38 ரூபாய்க்குப் போட்டாலும் 6,650 ரூபாய்ப் பால் அந்தக் கன்றின் வயிற்றில் இருக்கிறது. மூன்றாம் வாரத்திலிருந்து தின்ற கன்றுத் தீவனம் சுமார் 35 கிலோ. கிலோ 35 ரூபாய் என்றால் 1,225. மருந்தையும் ஆள் கூலியையும் சேர்க்காமலே எட்டாயிரத்தைத் தொடுகிறது. மூன்று மாதக் கன்றை ஆறாயிரத்துக்குக் கேட்கிறவரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பதே வீண்.

பால் நிறுத்திய வாரத்திலேயே விற்பது எந்த வழியிலும் நல்லதல்ல. பால் நின்ற ஏக்கம், வண்டிப் பயணம், புது மாடுகளோடு கலப்பது என மூன்றும் ஒரே வாரத்தில் விழுந்தால் சளியோ கழிச்சலோ நிச்சயம். தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்ற பிறகுதான் பாலை நிறுத்த வேண்டும். நிறுத்திய பிறகும் குறைந்தது மூன்று வாரம் நம் கொட்டகையிலேயே நிற்கட்டும்.

சந்தை

ஈரோடு கருங்கல்பாளையம் வியாழக்கிழமைச் சந்தைக்குக் கேரளா, கர்நாடகா, ஆந்திரா ஆட்களெல்லாம் வருவார்கள். அன்றைய விலை அன்றே தெரிந்துவிடும், கையில் ரொக்கம். வாடிக்கைக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று உரசிப் பார்க்க வேறு இடம் கிடையாது. அதற்காகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெறுங்கையோடு போய் நின்று, என்ன உருப்படி என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் அங்கே விலை கண் மதிப்புக்குத்தான். தாய்ப்பசு எத்தனை லிட்டர், எந்தக் காளையின் ஊசி, எந்தத் தடுப்பூசி போட்டது என்று எதைச் சொன்னாலும் காசாகாது, எல்லாரும் அதையே சொல்வார்கள். பார்க்கிறவர் சுழியைப் பார்ப்பார், காம்பைப் பார்ப்பார், தோலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். துண்டுக்குள் விரல் பிடித்தே பேரம் முடிந்துவிடும். வண்டி வாடகை, சுங்கம், தரகு மூன்றையும் கழித்துப் பார்த்தால்தான் உண்மை விலை. குட்டி யானை வண்டியில் ஒரே ஒரு கன்றை ஏற்றிக்கொண்டு போனால் வாடகை முழுக்க அதன் தலையில்தான் ஏறும்.

பெரிய ஆபத்து விற்காமல் திரும்பி வருவதில் இருக்கிறது. கோமாரி கிருமி ஏறி இரண்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை வெளியே தெரியாது. சந்தையிலிருந்து திரும்பிய கன்றை நேராகக் கொட்டகைக்குள் விட்டால் கறவை மாட்டுக்கும் பரவிவிடும். மூன்று வாரம் தனியாகக் கட்ட இடம் இல்லாதவர்கள், சந்தைக்குக் கொண்டுபோனதை என்ன விலைக்காவது கொடுத்துவிட்டு வருவது போலத்தான் முடியும். வியாபாரிகளுக்கும் இது தெரியும். மத்தியானத்துக்கு மேல் விலை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசல் வியாபாரி

இவரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்ல உருப்படிக்குக் குறைத்துக் கேட்பார், மோசமான உருப்படியை மறுக்காமல் எடுத்துக்கொள்வார். போனது போனதுதான், மறுநாள் போன் வராது. கடைசியில் நிற்கும் நோஞ்சான் கன்றுக்கு இவர்தான் வழி.

வாடிக்கைக்காரர்

பாலக்காட்டுப் பக்கமோ பக்கத்துத் தாலுகாவிலோ பண்ணை வைத்திருப்பவர், வருடம் நான்கைந்து கிடாரி தொடர்ந்து வாங்குகிறார் என்றால் அவர் தேடுவது ஒரே சீரான கன்றை. அவருக்கு ஐந்து, ஐந்தரை மாதத்தில் கொடுப்பதே பொருத்தம். காரணம் தடுப்பூசிக் கணக்கு. கன்று வீச்சு நோய்க்கான (புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய்) ஊசி பெண் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. கோமாரி ஊசி 4 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. இரண்டும் முடிந்து, 12 இலக்கக் காதுவில்லையில் பதிவாகி நிற்கும் கன்றுக்கும், மூன்று மாதத்தில் வண்டியேறிய கன்றுக்கும் வாங்குகிறவர் கண்ணில் பெரிய வித்தியாசம். உண்ணிக் காய்ச்சல் அடிக்கடி வரும் ஊராக இருந்தால் ஒரு ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் செய்துவிடலாம். போன இடத்தில் இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை மிச்சம்.

சந்தையில் செல்லாத விவரம் இங்கே செல்லும். பிறந்த தேதி, தாய் எத்தனையாவது ஈத்து, உச்சக் கறவை எவ்வளவு, ஊசிக் காளையின் எண், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகள். காளை எண் முக்கியம். அது தெரியாமல் அவர் அதே காளையின் ஊசியை இந்தக் கிடாரிக்கே போட்டால் மகளுக்கு அப்பன் உறவாகிவிடும். அனுப்பும் செய்தி இவ்வளவு போதும்: “அண்ணா, நாலு உருப்படி இருக்குதுங்க. மூணு ஜெர்சி, ஒண்ணு எச்.எஃப். சித்திரை பத்துக்கு அஞ்சு மாசம் முடியுது. ரெண்டு ஊசியும் ஆச்சுங்க. எடை நீங்க வந்து பிடிச்சுக்கலாம்.” (எச்.எஃப். என்பது ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் இனம்.) கூடவே பின்பக்கம், பக்கவாட்டு, காம்பு என ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று படம்.

விலையை எடைக்குக் கட்டுவதுதான் நீடித்து நிற்கும். லாரி எடைமேடை இதற்கு உதவாது. 5 கிலோ, 10 கிலோ படியில் காட்டுகிற மேடையில் 90 கிலோக் கன்றை நிறுத்தி என்ன பயன்? இன்ச் டேப்பே போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு முனை வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 41, நீளம் 36 என்றால் 91.7 கிலோ. சுற்றளவில் ஒரே அங்குலம் கூடி 42 ஆனால் 96.2. அதனால் நான்கு காலும் நேராக நிற்கும்போது மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுக்க வேண்டும். அளப்பது காலைத் தீனிக்கும் தண்ணீருக்கும் முன்னால் என்பதும் பேச்சில் இருக்க வேண்டும். தராசில் நிறுத்தினால் இது இன்னும் முக்கியம், ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோவாகத்தான் விழும்.

விலைக்கட்டு எப்படி? ஒரு பேச்சுக்கு 90 கிலோவுக்கு 15,300 ரூபாய், அதாவது கிலோ 170 என்று வைத்துக்கொள்வோம். 90க்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் 170 கொடுக்காமல் 100 மட்டும். கீழே குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் 170 கழிவு. கேட்க வஞ்சகமாகத் தெரியும், ஆனால் இரண்டு பேருக்கும் நல்லது. முழு விலை கொடுத்தால் விற்பவர் அடர்தீவனத்தைக் கொட்டிக் கொழுக்க வைப்பார். இந்த வயதில் கொழுத்த கிடாரிக்கு மடியில் பால் திசு வளர வேண்டிய இடத்தில் கொழுப்பு படியும், பின்னால் கறவை குறையும். நாளுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் போதும்.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று.

ஒன்று, தேதி. “அடுத்த வாரம் வர்றேன்” என்பது மூன்று வாரமாகும். கன்று நாளுக்கு 450 கிராம் ஏறினால் மேற்படி விலைக்கட்டில் 45 ரூபாய் வருகிறது, தீனியும் கூலியும் 60 ரூபாய் போகிறது. நான்கு கன்று இருபது நாள் நின்றால் நஷ்டம் 1,200, இடையில் ஒன்று படுத்துவிட்டால் அது தனி. ஆகவே பேசிய தேதிக்குப் பிறகு நாளுக்கு இவ்வளவு தீனிக்காசு என்று அச்சாரம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பத்து நாள் தாண்டினால் அச்சாரம் போச்சு, கன்று வேறு ஆளுக்கு. தேதி குறிக்கும்போது வெள்ளிக்கிழமையாக விழாமல் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு மாட்டை வாசல் தாண்டவிடாத வீடுகள் இன்னும் நிறைய, கடைசி நேரத்தில் பாட்டி மறித்தால் வண்டி வாடகை வீண்.

இரண்டாவது, பொறுக்குவது. நாலில் மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுப் போனால், விட்ட ஒன்றின் விலை அடிமட்டத்துக்குப் போகும். மொத்தமாக எடுப்பதுதான் பேச்சு, விலக்குகள் இன்னின்ன என்று முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. தொப்புள் குடலிறக்கம், பார்வைக் கோளாறு, நொண்டல், அடைத்த காம்பு ஆகியவை விலக்கில் வரும். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடாரியைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. சந்தேகம் இருந்தால் மருத்துவர் பிறப்புறுப்பில் மழுங்கிய குழாயை விட்டுப் பார்ப்பார். நல்ல கன்றில் 12 செ.மீ.க்கு மேல் போகும் குழாய் இதில் பாதியிலேயே முட்டி நிற்கும். இதை மறைத்து விற்றால் ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரியவரும், அதோடு வாடிக்கை முடிந்தது. கூடுதல் காம்பு பெரிய குறையல்ல, சிறுவயதிலேயே வெட்டி எடுத்துவிடலாம்.

மூன்றாவது, கொண்டுபோன பிறகு வரும் போன். ஏழு நாள் பொறுப்பு என்பது நடைமுறையில் ஒத்துவருகிறது. அதற்குள் நோய் தெரிந்து, அவர் மருத்துவரை அழைத்துப் பார்த்திருந்தால் மருந்துச் செலவில் பாதி, இறந்தால் பாதி விலை. மருத்துவரைக் கூப்பிடாமலே “செத்துப்போச்சு” என்றால் ஒன்றுமில்லை. போகும்போது நம் தீவனத்தில் ஐந்து கிலோவைக் கட்டிக் கொடுத்து, அவர் தீவனத்தோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றச் சொன்னாலே பாதிக் கழிச்சல் வராது.

பணம் ஏற்றுவதற்கு முன்னால் வந்தாக வேண்டும். எத்தனை வருடப் பழக்கமானாலும் கயிறு அவிழ்த்த பிறகு பாக்கி வசூலிப்பது கஷ்டம். பயணத்துக்கு உடல்தகுதியும் தொற்றுநோய் இல்லை என்பதும் எழுதிய கால்நடை மருத்துவர் சான்று வண்டியில் இருக்க வேண்டும். வாளையாரில் கேரள எல்லையைத் தாண்டுவதானால் அது இல்லாமல் கிளம்பவே வேண்டாம். காதுவில்லைப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த தடுப்பூசிச் சுற்றில் உங்கள் கணக்கிலேயே அந்த மாடு நிற்கும்.

சினையாக்கி விற்றால்?

சினைக் கிடாரிக்கு விலை கூட என்பது உண்மை. 75 கிலோ கன்று நாளுக்கு 450 கிராம் வீதம் ஊசி போடும் 250 கிலோவை எட்ட 13 மாதம் ஆகும். பிறகு சினை நின்று ஏழெட்டு மாதம். சொந்தத் தோட்டத்தில் தீவனப்புல் இருப்பவர்கள் செய்யலாம். சோளத்தட்டும் வைக்கோலும் விலைக்கு வாங்குகிறவர்கள் சித்திரை வைகாசியில் திணறி, பாதி வளர்ந்த கிடாரியை எல்லாரும் விற்கிற அதே வாரத்தில் விற்பார்கள். அதைவிட ஐந்து மாதத்திலேயே கொடுத்துவிடலாம்.

நான்கு கன்று கையில் இருந்தால் சீரான மூன்றை வாடிக்கைக்காரருக்கு ஒதுக்கி, எடை தேறாததை அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வியாபாரியிடம் அனுப்பிவிடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். நோஞ்சான் ஒன்று பக்கத்தில் நின்றால் நல்ல மூன்றின் விலையையும் அது இழுக்கும்.